மலையின் கணக்கை யார் முடிப்பது?

கல்குவாரியை விரிவுபடுத்த அனுமதி கேட்பவர் கொடுக்கும் கோப்பு தடிமனானது. சர்வே எண், எல்லைக் கற்களின் அட்சரேகை தீர்க்கரேகை, எந்த ஆண்டு எத்தனை கன மீட்டர், எவ்வளவு ஆழம், நாளொன்றுக்கு எத்தனை லாரி என எல்லாமே தசமப் புள்ளி வரை இருக்கும். குவாரி முடிந்த பிறகு நிலம் என்ன ஆகும் என்ற பகுதிக்கு வரும்போது மட்டும் எழுத்து சுருங்கிவிடுகிறது. குழியைச் சுற்றிக் கம்பிவேலி போடப்படும். எல்லையோரம் விடப்படும் ஏழரை மீட்டர் பட்டையில் வேம்பும் புங்கனும் நடப்படும். பள்ளத்தில் மழைநீர் சேமிக்கப்படும். கோப்புக்குக் கோப்பு இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

எழுதுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருங்கல் குவாரியின் இயல்பு அப்படி. நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்தில் மேலே கிடக்கும் மண்ணை அள்ளி ஒதுக்கி, அடியில் உள்ள பழுப்பு நிலக்கரியை எடுத்துவிட்டு, ஒதுக்கிய மண்ணைத் திரும்பக் கொட்டலாம். கருங்கல்லில் ஒதுக்குவதற்கு ஒன்றுமில்லை. மேலே ஓரிரு மீட்டர் மண், அதற்கடியில் விற்பனைச் சரக்கு. சக்கை, ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் போக மிஞ்சும் கிரஷர் தூசிக்கும் ஆள் காத்திருக்கிறார்கள். ஐந்து ஹெக்டேர் பரப்பில் சராசரியாக நாற்பது மீட்டர் ஆழம் எடுத்தால் 20 லட்சம் கன மீட்டர் கல்; எடையில் 50 லட்சம் டன்னுக்கு மேல். அது சாலைகளிலும் மேம்பாலங்களிலும் அடுக்குமாடிகளிலும் போய் உட்கார்ந்துவிட்டது. குழியை நிரப்ப வேண்டுமானால் இன்னொரு குன்றை வெட்ட வேண்டும்.

ஆக, கோப்பின் கடைசிப் பகுதி கேட்கும் கேள்வி பொறியியல் கேள்வியாகத் தோற்றம் தந்தாலும் உள்ளே இருப்பது வேறு. ஒரு குன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பச்சையாக்கினால் எடுத்தவர் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? யாருக்குப் பட்ட கடன் அது? சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதே மலைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் படுத்துறங்கிய சமணத் துறவிகள் வேறொரு விடை வைத்திருந்தார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைக்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதி தேவையில்லை என்றொரு காலம் இருந்தது. பெரிய நிலத்தை நாலே முக்கால் ஹெக்டேர் துண்டுகளாக நறுக்கிக் குத்தகை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசலை அடைத்தது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 ஜனவரி அறிவிக்கை, 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே கொத்தாகச் சேர்த்து எண்ணச் சொன்னது. 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும் என்றது. தமிழ்நாட்டு விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் வெடி வைக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. புனிதத்தை மீட்டரில் அளப்பது கேலிக்கூத்தாகத் தோன்றலாம். ஆனால் கம்ப்ரசர் ஓட்டுபவருக்குப் புரியும் மொழியில் சொல்ல அளவை விட்டால் வேறு வழியில்லை.

விரிவாக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு படி உண்டு. பழைய அனுமதியின் நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தாரா என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் பார்த்துச் சான்று தர வேண்டும். கோப்பு முழுவதிலும் இதுவே மிகவும் நேர்மையான இடம். புதுக் குழி தோண்டப் போகிறவரிடம், பழைய குழியைக் காட்டு என்று கேட்கும் ஒரே தருணம்.

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது. சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் புல் முளைக்கச் செய்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வளரத்தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. அன்று முதல் அனுமதிக் கடிதங்களில் புல் தவறாமல் வருகிறது. நாற்பது மீட்டர் ஆழத்தில் செங்குத்தான பாறைச் சுவருக்கு நடுவே எந்த மாடு மேயும் என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் அந்த உத்தரவின் உள்ளுணர்வு பழமையானது. அதர்வ வேதத்தின் பூமி சூக்தத்தில் தோண்டுபவன் பூமியிடமே வைக்கும் வேண்டுதல் ஒன்று உண்டு. தோண்டியது சீக்கிரம் வளர்ந்து மூட வேண்டும், தன் கை அவளது உயிர்நிலையைத் தொட்டுவிடக் கூடாது என்ற கருத்தில் அமைந்தது. வேரும் கிழங்கும் மூலிகையும் தோண்டியவனின் வேண்டுதல் அது. கிழங்கு மீண்டும் வளரும், புல்லும் வளரும். சென்னை பல்லாவரத்துக் குன்றுகளின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. அதற்கு அந்த வேண்டுதல் பலிக்காது.

பல்லாவரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1863 மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே சரளை தோண்டிய ஒரு குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். பூண்டி அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழையவை என்று பின்னால் தெரியவந்தது. கல்லை உடைப்பது முதலாளித்துவம் கொண்டுவந்த பழக்கமல்ல. மனிதன் என்று அழைக்கத்தக்க ஒன்று தோன்றுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. குவாரியே கூடாது என்று பேசுபவர்கள் தாங்கள் நிற்கும் தரையை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

அதே சமயம், ‘மீட்டுத் தந்துவிடுவோம்’ என்று குவாரிக்காரர்கள் சொல்வதையும் எளிதாக விட்டுவிட முடியாது. ஆஸ்திரேலியத் தத்துவவாதி ராபர்ட் எலியட் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். சுரங்க நிறுவனம் கடற்கரை மணற்குன்றைத் தோண்டிவிட்டு, அதே மேடு, அதே செடி என்று அச்சு அசலாகத் திருப்பி அமைத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இழப்பு ஏதும் இல்லையா? பெரிய ஓவியரின் படத்தை எடுத்துக்கொண்டு, கண்டுபிடிக்கவே முடியாத நகலை மாட்டினால் இழப்பில்லை என்று சொல்வோமா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒரு பொருளின் மதிப்பில் அது எப்படி உண்டாயிற்று என்ற வரலாறும் சேர்ந்தே இருக்கிறது என்பது அவர் வாதம். பத்தாண்டு கழித்து அமெரிக்கரான எரிக் காட்ஸ் இன்னும் காட்டமாக, மீட்டெடுத்த இயற்கை என்பதே பெரிய பொய், அது மனிதன் செய்த பொருள்தான் என்றார்.

இருவரும் கென்யாவின் மொம்பாசாவுக்கு அருகே உள்ள பம்புரிக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது சுவையான யோசனை. அங்கே ஒரு சிமென்ட் ஆலை 1950களிலிருந்து பவளச் சுண்ணாம்புப் பாறையை வெட்டி எடுத்தது. மிஞ்சியது உப்புநீர் கசியும் வெள்ளைப் பாலை. 1971இல் ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அதில் மரம் வளர்க்க இறங்கினார். நட்டுப் பார்த்த 26 வகைகளில் மிகச் சிலவே பிழைத்தன. அவற்றில் முதலிடம் நம் ஊர்க் கடற்கரைகளில் எல்லாம் நிற்கும் சவுக்குக்கு. சவுக்கு ஊசிகள் கொட்டிக் குவிந்தன, ஆனால் மக்கவில்லை. பிறகு சிவப்புக்கால் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை ஊசிகளைத் தின்று கழித்ததில்தான் அந்தப் பாறைமேல் மண் உண்டாகத் தொடங்கியது. இன்று அது காடும் குளமும் விலங்கும் உள்ள பூங்கா. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கடலோரத்தில் தவித்த ஓவன் என்ற நீர்யானைக் குட்டியைக் கொண்டுபோய் விட்டது அங்கேதான். அது நூறு வயது தாண்டிய ஓர் ஆமையோடு ஒட்டிக்கொண்ட கதை உலகெங்கும் குழந்தைகள் புத்தகமாயிற்று. இவ்வளவையும் போலி என்று தள்ள மனம் வராது. ஆனால் பம்புரியில் ஹாலர் பல பத்தாண்டு கூடவே இருந்தார். நம் கோப்பு சொல்லும் வேம்புக்கும் புங்கனுக்கும் அப்படி ஒருவர் இல்லை. குத்தகை ஐந்தோ பத்தோ ஆண்டு. அதற்குப் பின் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமே கிடையாது.

இனி மதுரைக்குக் கிழக்கே உள்ள குன்றுகள். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர் ஆகிய ஊர்க் குன்றுகளின் குகைத்தளங்களில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. மாங்குளம் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைப் பதிவு செய்கின்றன. தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளில் அவையும் அடங்கும். அழகர்மலையில் கொடையாளர்களாக வருபவர்கள் உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர். அறுவை என்றால் துணி, கொழு என்றால் ஏர்முனை. மண்ணைக் கீறும் இரும்பை விற்றவர், மண்ணுக்கும் தீங்கு நினைக்காத துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

மண்ணுக்குத் தீங்கு என்பது இங்கே அலங்காரப் பேச்சல்ல. தொல்காப்பியத்தின் மரபியலில் ஓரறிவு உயிர் புல்லிலும் மரத்திலும் தொடங்குகிறது. சமணம் அதற்கும் கீழே இறங்குகிறது. மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு. நிலத்தோடு ஒட்டியிருக்கும் வரை பாறையும் தாதும் அப்படிப்பட்ட உடல்களே. ஆசாராங்க சூத்திரத்தின் முதல் அதிகாரமே ஆயுதங்களை அறிவதைப் பற்றியது. அதில் முதலில் பேசப்படுவது மண்ணுயிருக்கு மனிதன் இழைக்கும் துன்பம்.

துறவிக்கு இது சரி. இல்லறத்தான் வீடு கட்டாமல் இருப்பானா, உழாமல் இருப்பானா? இல்லறத்தாருக்கு ஆகாதவை என்று சமண நூல்கள் பதினைந்து தொழில்களைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ஒன்று நிலத்தைப் பிளக்கும் தொழில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் தமது யோக சாஸ்திரத்தில் அதை விளக்கும்போது கல்லுடைப்பதோடு குளம், கிணறு தோண்டுவதையும் அதே தலைப்பில் வைக்கிறார். குவாரிக் குழியைக் குளமாக்கிவிட்டோம் என்று கணக்கு முடிக்கப் பார்ப்பவரை அவர் அதே பதிவேட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டிருப்பார்.

ஆனால் இந்தச் சமயத்தைக் கறாரானது என்று நினைத்துவிடக் கூடாது. அபு மலையில் 1031இல் விமலனும் 1230இல் வஸ்துபாலன், தேஜபாலன் சகோதரர்களும் எழுப்பிய தில்வாரா கோயில்களைக் கண்டவர்களுக்குத் தெரியும், பளிங்குக் கல்லை அதற்குமேல் நுணுக்கமாக யாரும் குடைந்ததில்லை. சிரவணபெளகுளாவின் கோமதேஸ்வரர் ஒரு குன்றின் உச்சியையே செதுக்கி எடுத்த உருவம். உயரம் 57 அடிக்கு மேல். தமிழ்ச் சமணர்களோ வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த குடும்பங்களில் ஏர் பூட்டாத தாத்தா அபூர்வம்.

இதை இரட்டை வேடம் என்று முடித்துவிடலாம், பலரும் முடித்திருக்கிறார்கள். சமண ஆசிரியர்கள் இதைத் தெரியாமல் விட்டவர்கள் அல்லர். வேண்டுமென்றே செய்யும் கொலையும், பிழைப்பிலும் இல்லறத்திலும் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையும் வேறு வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். முதலாவதை இல்லறத்தான் முழுக்க விட வேண்டும், இரண்டாவதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கவனிக்க வேண்டியது அடுத்த படி. தவிர்க்க முடியாதது என்பதால் அந்த இம்சை அகிம்சையாகிவிடுவதில்லை. அனுமதிக்கப்பட்டது, தேவைப்பட்டது, ஆனாலும் இம்சைதான். அது கணக்கில் நிற்கும்.

நம் சட்டம் வழுக்குவது இங்கேதான். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் நிபந்தனை அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அட்டவணையில் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் அதன் நிலை. வலப்பக்கத்தில் வரும் விடைகள் பெரும்பாலும் மூன்றே: கடைப்பிடிக்கப்பட்டது, கடைப்பிடிக்கப்படுகிறது, கவனத்தில் கொள்ளப்பட்டது. ‘முடியவில்லை’ என்று எழுதுபவர் தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர். சமணர்களிடமும் அறிக்கைக் காலம் உண்டு. பிரதிக்கிரமணம் என்ற சடங்கு நாள்தோறும், பதினைந்து நாளுக்கொருமுறை, நான்கு மாதத்துக்கொருமுறை, ஆண்டுக்கொருமுறை வரும். அதில் மண்ணிலும் நீரிலும் உள்ள ஓரறிவு உயிர்களுக்குச் செய்த தீங்கையும் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். அந்த அட்டவணையின் வலப்பக்கத்தில் நிறைவேற்றினேன் என்ற விடையே கிடையாது. தவறினேன் என்பது மட்டும் உண்டு. அரசு அலுவலகம் பாவமன்னிப்புக் கூடம் ஆக முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் தவறியதை மறைக்கத் தூண்டும் அறிக்கையால் தண்டிக்கவும் முடிவதில்லை, திருத்தவும் முடிவதில்லை. குழி அனுமதித்த ஆழத்தைத் தாண்டிவிட்டது என்பது அறிக்கையில் வருவதில்லை, வேறெப்படியோதான் தெரியவருகிறது. 2022 மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தபோது, முந்நூறடி ஆழத்தில் நடந்த மீட்புப் பணியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அந்தக் குழியின் ஆழம் ஊருக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு, விரிவாக்கத்தோடு நேரடித் தொடர்புள்ளது. உபாசகதசா என்ற சமண ஆகமத்தில் ஆனந்தன் என்ற பெருஞ்செல்வன் மகாவீரரிடம் இல்லற விரதம் ஏற்கிறான். தன்னிடம் இருப்பதை அவன் துறக்கவில்லை, எல்லை கட்டுகிறான். பொன் பன்னிரண்டு கோடி, மாடு நாற்பதாயிரம், ஏர் ஐந்நூறு, வண்டி இத்தனை, இதற்குமேல் ஒன்றும் வேண்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறான். நவீன வாசகனுக்குச் சிரிப்பு வரும். ஐந்நூறு ஏர் வைத்துக்கொண்டு துறவா? அந்த எண் பெரியதா சிறியதா என்று கதை கவலைப்படவில்லை. எண்ணை முன்கூட்டியே, பிறர் காதுபடச் சொல்லிவிட்டான் என்பதே அதன் சாரம். ஐந்நூற்றோராவது ஏர் வாங்கினால் விரதம் முறியும். பின்னால் எவ்வளவு தானம் செய்தாலும் அது ஈடாகாது.

குவாரிக் கோப்பில் இல்லாதது இதுதான். மறுசீரமைப்பு எல்லாமே எடுத்த பிறகு செய்யும் காரியம். இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன் என்ற உறுதிமொழியை எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஐந்து ஹெக்டேர் முடிந்ததும் பக்கத்து ஐந்து. இருபது மீட்டர் முடிந்ததும் நாற்பது. ஒவ்வொரு விரிவாக்கமும் தனித்தனியாகச் சட்டப்படி நடக்கும், ஒவ்வொன்றும் தன் வேலியையும் வேம்பையும் நடும், கடைசியில் குன்று இருக்காது. 2018 அக்டோபரில் ராஜஸ்தானின் ஆரவல்லி வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஆய்வு செய்த 128 குன்றுகளில் 31 காணாமல் போயின என்ற தகவல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. மக்கள் அனுமன்களாகி மலைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களா என்று நீதிபதி லோகுர் கேட்டார். அனுமனுக்கு இது அநியாயம். வால்மீகியின் கதைப்படி அவன் மூலிகை மலையை வேலை முடிந்ததும் இமயத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் திரும்பினான். தமிழ்நாட்டில் வழியில் சிந்திய துண்டுகள் என்று மருந்துவாழ் மலை போன்ற குன்றுகளைச் சொல்வதுண்டு. அவ்வளவுதான் அவன் மேல் வைக்கக்கூடிய புகார்.

எல்லை கட்டுவது முடியாத காரியமும் அல்ல. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் எடுக்கும் திட்டத்தை, அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்கிரியா கோந்த் மக்களின் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் விட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மதுரையில் கிரானைட்டின் பெயரால் நடந்த முறைகேட்டை 2012இல் அன்றைய ஆட்சியர் சகாயம் அறிக்கையாக அனுப்பினார். அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்பது அவர் மதிப்பீடு. அதன் பின்னும் அரிட்டாபட்டி தப்பி நின்றது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டில் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. வல்லூறுகளும் ஏரிகளும் கற்படுக்கைகளும் ஒன்றாக நின்று வென்ற வழக்கு அது. கல்வெட்டோ வல்லூறோ இல்லாத சாதாரணக் குன்றுக்கு அப்படி யாரும் திரள்வதில்லை.

எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது, வலுவானதும்கூட. சென்னைக்கு மேற்கே மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. யாரும் அவற்றை மறுசீரமைக்கவில்லை. 2017 வறட்சியிலும் 2019இல் ஏரிகள் வறண்டபோதும் குடிநீர் வாரியம் அந்தக் குழிகளிலிருந்துதான் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது. திட்டமிடாத பள்ளம் தாகம் தீர்த்தது. அதே போன்ற புறநகர்க் குழிகளில் குளிக்கப் போய்த் திரும்பாத இளைஞர்களின் செய்தியும் கோடைதோறும் வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து இது லாபம், இது நட்டம் என்று சொல்ல எந்தச் சமயமும் துணியாது. சமணம் நிச்சயமாகத் துணியாது: நன்மை விளைந்ததால் பிளந்தது பிளக்காததாகிவிடாது.

ஆகவே விரிவாக்கத்தை எப்படித் திட்டமிடலாம்? பழைய குழியின் ஓரச் சுவர்களைப் படிப்படியாகச் சரித்து, ஒதுக்கி வைத்த மேல்மண்ணை அந்தப் படிகளில் பரப்பி, மரம் ஒரு கோடையையாவது தாண்டிய பிறகே புதிய இடத்தில் முதல் வெடி என்று நிபந்தனை போடலாம். பெருங்கனிமச் சுரங்கங்கள் ஹெக்டேருக்கு இவ்வளவு லட்சம் என்று மூடுவதற்கான நிதி உறுதி கட்டுகின்றன. கருங்கல்லுக்கும் அதே கண்டிப்பைக் கேட்கலாம். வட்டார அலுவலகத்தின் சான்றில் தவறியவை என்று தனிப் பத்தி வைக்கலாம். ஒப்புக்கொண்டவருக்குத் திருத்த அவகாசம், மறைத்தவருக்கு ரத்து என்று ஆக்கினால் அந்தப் பத்தி காலியாக இருக்காது.

எல்லை கட்டுவதற்கான இடமும் ஏற்கெனவே இருக்கிறது. 2016 அறிவிக்கைப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சிறுகனிம ஆய்வு அறிக்கை தயாரிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு கல் இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று அது சொல்கிறது. எந்தக் குன்று, எவ்வளவு கல், எப்போதுமே எடுக்கப்படாது என்று ஒரு பட்டியலையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இறுதி செய்வதற்கு முன் அதன் வரைவு மாவட்ட இணையதளத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் 21 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம், குவாரிக்காரரும் அனுப்பலாம்.